ஆடாத கண்

துளசிமணியின் கண்கள் ஆடுவதை நிறுத்திக்கொண்ட வருஷத்தில் திருப்பூரில் வேறு பல காரியங்களும் நடந்தன. ஆற்றில் ஒரு வாரம் ஊதாவாகவும் மறு வாரம் சிவப்பாகவும் தண்ணீர் போயிற்று, பாலம் வேலைக்காக பஸ்களைச் சுற்றிவிட்டார்கள், வர வேண்டிய மாதத்தில் வராத மழை வரக்கூடாத மாதத்தில் வந்து லைன் வீடுகளுக்குள் முழங்கால் அளவு நின்றது. அதனால் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் நிற்கிற ஒருத்தியின் கண்கள் ஆடாமல் நின்றுபோனதை யாரும் தனியாக எடுத்துப் பேசவில்லை. அவளும் பேசவில்லை, ஏனென்றால் அவளுக்கே அது தெரியாது.

அவளுக்கு வேலை துணி பார்ப்பது. தைத்து முடித்த பனியன்கள் கட்டுக்கட்டாக மேசைக்கு வரும். ஒன்றை எடுத்து முன்பக்கம் பார்க்க வேண்டும், திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும், கழுத்து, கை, அடிமடிப்பு, உள்பக்கம் என்று புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஓட்டை இருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால், தையல் விட்டிருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஒரு பக்கம் எறிய வேண்டும். குறை இல்லாததை மறுபக்கம் எறிந்துவிட்டு மறந்துவிடலாம். மகள் மோகனா வயிற்றில் இருந்தபோது அந்த மேசைக்கு வந்தவள், மோகனா பள்ளிக்குப் போய், பி.காம். முடித்து, அதே கம்பெனியில் பேக்கிங்குக்கு வந்து சேர்ந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். இடையில் அவள் புருஷன் சாயப்பட்டறை லாரியோடு பாலக்காட்டுப் பக்கம் போனவன் அங்கேயே ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு தங்கிவிட்டான். அதையும் அவள் மேசையில் நின்றபடியேதான் கேள்விப்பட்டாள்.

இத்தனை வருஷம் குறையையே பார்த்த கண், சோற்றைப் பார்த்தால் கல்லையும் சுவரைப் பார்த்தால் விரிசலையும் மனிதரைப் பார்த்தால் பருவையும் முதலில் கண்டுபிடித்து, அதற்குமேல் பார்க்கத் தெம்பில்லாமல் அடுத்ததற்குப் போயிற்று. சரக்கு மும்முரமான மாதங்களில் ஒன்றரை ஷிப்ட் முடித்து அதற்கு மேலும் நின்றாக வேண்டும் என்பதால், அந்த மேசையின் பழைய ஆட்கள் எல்லோரையும் போல அவளும் கண்ணைத் திறந்தபடியே தூங்கப் பழகியிருந்தாள். கண் துணிமேல் இருக்கும், கை துணியைப் புரட்டிக்கொண்டிருக்கும், ஆள் மட்டும் இருக்கமாட்டாள். தூக்கம் என்றால் அவளுக்குத் தெரிந்தது அதுதான், ஒரு கல் கிடப்பதைப் போல.

வெளிநாட்டுக்குப் போன சரக்கில் ஓட்டை இருந்ததாகப் புகார் வந்ததும், யார் பார்க்கிறார்கள், யார் பார்ப்பதுபோல் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள முதலாளி ஒரு கேமராவுக்கு ஏற்பாடு செய்தார். அதைக் கொண்டுவந்தவள் ஷர்மிளா பானு என்கிற பொறியாளர். கோயமுத்தூர்க்காரி, சின்ன வயசு, சாப்பாட்டு டப்பாவை வயர்களோடு ஒரே பையில் வைத்திருந்தாள். அவள் ஒவ்வொரு பெண்ணையும் ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்து, தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, நெற்றியை ஒரு பட்டையில் சாய்க்கச் சொல்லி, வெள்ளைத் திரையின் நடுவில் இருக்கும் கறுப்புப் புள்ளியை மட்டும் பார்க்கச் சொன்னாள். பக்கத்துத் திரையில் அவரவர் கண் போகிற வழி கோடாக ஓடியது.

"பாருங்கக்கா, அசையாம ஒரே புள்ளியத்தான் பாக்கறேன்னு நெனச்சுட்டிருக்கீங்க. ஆனா கண்ணு உள்ளுக்குள்ள சின்னச் சின்னதா துடிச்சுட்டே இருக்கு. இது நம்ம கையில இல்ல. அசந்துபோனா இந்தத் துடிப்பு மாறும், மிஷின் கண்டுபிடிச்சிரும்," என்றாள் ஷர்மிளா பானு.

"அப்ப என்னோடது?" என்று எட்டிப்பார்த்தாள் அடுத்த மேசை மரகதம். சர்க்கரை சிந்திய இடத்தில் எறும்புகள் அலைவதைப் போலிருந்தது அவளுடைய கோடு. "ஏனுங்க மேடம், இத்தன ஆட்டம் ஆடுது, நானா ஆட்டறேன் இத? சம்பளம் குடுக்கறாங்களா இதுக்கு?"

துளசிமணியின் முறை வந்தபோது திரையில் கோடு வரவில்லை. ஒரு புள்ளி வந்தது, அது அங்கேயே நின்றது. ஷர்மிளா பானு லென்ஸைத் துடைத்தாள், வயரைப் பிடுங்கிச் செருகினாள், துளசிமணியின் தாடையைத் தொட்டு நேராக்கினாள். புள்ளி நகரவில்லை.

"அக்கா, உங்க கண்ணு ஆடவே மாட்டேங்குது."

"ஆடி ஆடி ஓஞ்சிருச்சாட்ட இருக்குது மேடம்."

"அப்படி இருக்க முடியாதுக்கா. கண்ணு துடிக்கறதாலதான் எதிர்ல இருக்கறது தெரியுது. நின்னுடுச்சுன்னா பாக்கறது எல்லாம் கொஞ்சங் கொஞ்சமா வெளுத்து…" என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்த ஷர்மிளா பானு, நடுவில் இருந்த கறுப்புப் புள்ளியைக் காணாமல் பேச்சை நிறுத்தினாள். திரை சுத்தமான வெள்ளையாக இருந்தது. அணைத்துப் போட்டாள், புள்ளி வந்தது. துளசிமணி பார்த்தாள், சற்று நேரத்தில் புள்ளி சாம்பலாகி, சுற்றியிருந்த வெள்ளை நாலாபக்கமும் இருந்து வந்து அந்த இடத்தை மூடிக்கொண்டது. அதை மரகதமும் பார்த்தாள், வரிசையில் நின்ற மற்றவர்களும் பார்த்தார்கள்.

"எங்கக்கா அது?"

"எனக்கென்னங்க தெரியும். பாக்கச் சொன்னீங்க, பாத்தேன். போயிருச்சு."

இந்த மாதிரி விஷயத்தில் ஆச்சரியப்படுகிற வேலை யாருக்காவது இருந்திருக்க வேண்டும், ஆனால் அன்றைக்குச் சரக்கு ஏற்ற வேண்டிய நாள். சூப்பர்வைசர் சபாபதி வந்து வரிசை ஏன் நிற்கிறது என்று கேட்டார், சொன்னார்கள், கேட்டுக்கொண்டார். காதின் பின்னால் பேனாவைச் செருகியபடி சற்று யோசித்துவிட்டு, ஒதுக்கிப் போட்டிருந்த பனியன்களில் நெஞ்சில் எண்ணெய்க் கறை பட்ட ஒன்றை எடுத்துவந்து மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் கத்தரிக்கோலும் டேப் உருளையும் வைத்து அசையாமல் அமர்த்தி, "இதைச் சித்தே பாருங்கம்மா" என்றார். கறை முதலில் தேநீர் நிறமாயிற்று, பிறகு வியர்வை நிறம், பிறகு துணி நிறம். சபாபதி விரலால் தடவிப் பார்த்தார், மோந்து பார்த்தார். "டீ குடிச்சுட்டு வந்துருங்க, இன்னொரு கட்டு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு குறைகள் துளசிமணியிடம் வந்தன. ஓட்டை விழுந்தவை வந்தன, பக்கத்து இழைகள் நகர்ந்து வந்து ஓட்டையை அடைத்தன. அச்சு கலங்கியவை வந்தன, கோணல் தையல்கள் வந்தன. அவள் வேலை இத்தனை நாளும் குறையைக் காட்டிக்கொடுப்பதாக இருந்தது, இப்போது அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதாக மாறியது. ஸ்டூல் கொடுத்தார்கள், மேலே ஃபேன் வேண்டாம் துணி ஆடும் என்று அணைத்துவிட்டார்கள். ஷர்மிளா பானு இரண்டாவது முறை வந்தபோது அவளுடைய கேமராவுக்கு வேலை இருக்கவில்லை. தாடைத் தாங்கியை மட்டும் கம்பெனி வைத்துக்கொண்டது.

செக்கிங் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து வந்தார்கள். "துளசியக்கா, குறையே இல்லாட்டி எங்களுக்கு என்ன சோலி? உங்க கண்ணுல நாங்களும் அழிஞ்சு போறதா?" என்று மரகதம் கேட்டாள். அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனாலும் கேட்கும்போது துளசிமணியின் நேர் பார்வையில் நிற்காமல் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே கேட்டாள். காதர்பேட்டையில் ஓட்டை பனியன்களைச் சல்லிசாக வாங்கி விற்கிற வியாபாரிகளும் வந்து, வாசலில் நின்று, ஏழைகள் எதைப் போட்டுக்கொள்வார்கள் என்று கேட்டார்கள். துளசிமணி இரு தரப்புக்கும் மெத்தனமாக வேலை செய்வதாக வாக்குக் கொடுத்தாள். அதைக் காப்பாற்ற அவள் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை, உடம்பே பார்த்துக்கொண்டது.

ஊர் தன் பங்குக்கு வந்து சேர்ந்தது. சுவர் விரிசலைப் பார்க்கச் சொன்னார்கள், வெள்ளை வேட்டியில் மாம்பழக் கறை, புது வண்டியில் கீறல், பத்திரிகையில் தப்பாக அச்சான கல்யாணத் தேதி. தார் ரோட்டுக் குழி ஒன்றைப் பார்த்துத் தூர்க்கும்படி கவுன்சிலர் அழைத்துப்போனார், ஆனால் ஒரு வண்டியாவது இறங்கி ஏறாமல் அந்தக் குழி நிம்மதியாக இருந்ததே இல்லை என்பதால் அது அப்படியே இருந்தது. கட்சி மாறிய ஒருவர் கையில் பழைய தலைவரின் முகத்தைப் பச்சை குத்தியிருந்தார். உயிருள்ள உடம்பில் காரியம் ஆகவில்லை, நாடி துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு முழங்கையையும் மணிக்கட்டையும் அம்மிக் கல்லோடு பெல்ட் போட்டு இறுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, அடக்க முடியாதபோது துளசிமணியைத் தலையைத் திருப்பச் சொல்லி, மத்தியானம் முழுக்க விட்டுவிட்டுப் பார்த்ததில் தலைவர் போனார். அவரோடு அங்கிருந்த முடியும் போயிற்று. அந்த இடத்தில் கொசு கடித்தாலும் தெரிவதில்லை என்று அவர் புதுக் கட்சி ஆபீஸில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாரியம்மன் கோயில் பூசாரி அவளை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் சந்நிதியில் நிற்கிற நேரம் முழுக்க தீபாராதனைத் தட்டை நிறுத்தாமல் சுற்றினார், அம்மன் முகத்தில் வெளிச்சமும் நிழலும் ஓடிக்கொண்டே இருக்கும்படி. கை வலித்தால் மகனிடம் கொடுத்தார். டீக்கடைக்காரர் அவளிடம் பேசும்போது தலையை ஆட்டியபடி பேசினார், லைன் வீட்டுப் பெண்கள் குழாயடியில் அவள் எதிரில் நின்றால் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டே இருந்தார்கள், குழந்தைகளுக்கு அவள் வருகிறாள் என்றால் குதிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. யாரும் அவளை வெறுக்கவில்லை. தண்ணீர் லாரி வரும் நாளை நினைவில் வைத்துக்கொள்வதைப் போல அதையும் ஒரு பழக்கமாக வைத்துக்கொண்டார்கள். புதிதாக வாடகைக்கு வந்த ஒடிசாக்காரக் குடும்பம், இந்த ஊரில் பேசும்போது இப்படித்தான் ஆட வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணி எல்லோரிடமும் ஆடிப் பேசியது.

இத்தனைக்கும் நடுவில் மோகனா கேட்டாள்.

அவளுக்கு உதட்டின் இடது ஓரத்தில் கடுகளவு வெள்ளைத் திட்டாக ஒன்று தோன்றி, களிம்புக்கு மேல் களிம்பு தடவத் தடவ, புளியங்கொட்டை அளவாகியிருந்தது. வலியில்லை, அரிப்பில்லை, டாக்டர் அடுத்தவர்களுக்கு ஒட்டாது என்று சொன்னார், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவதற்காக அவள் பி.காம். படிக்கவில்லை. கோயமுத்தூரில் ஒரு பெரிய நகைக்கடையில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்து எழுதிப் போட்டிருந்தாள்.

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பாக்கறே. எனக்கு இத ஒருக்கா பாத்துடும்மா."

"பாக்கலாம் கண்ணு, பாக்கலாம்," என்றாள் துளசிமணி, பாத்திரம் கழுவிக்கொண்டே.

அவளும் பார்ப்பதாகத்தான் இருந்தாள். ஆனால் அந்த வாரம் சுவரில், டியூப் லைட்டுக்குக் கீழே, ஒரு பல்லி பூச்சிக்காகக் காத்திருந்தது. துளசிமணி கட்டிலில் சாய்ந்து, அசந்துபோய், அதன் பக்கம் கண்ணை வைத்திருந்தாள். பல்லி காத்திருந்தது, வாலை ஆட்டவில்லை, தொண்டை அடிக்கவில்லை, பூச்சி கிட்டே வரவர இன்னும் கல்லாகிக்கொண்டே போயிற்று. அதன் வால் முதலில் சுண்ணாம்பாயிற்று, பிறகு கால்கள், பிறகு அந்தக் கறுப்புக் கண்கள். பூச்சி வந்து, பல்லி இருந்த இடத்தின்மேல் நடந்துபோயிற்று.

அதைப் பார்த்த பிறகு அவள் மகளைப் பார்ப்பதை விட்டாள். மோகனா எதிரில் வந்தால் அடுப்பைப் பார்த்தாள், பேசும்போது ஜன்னலைப் பார்த்தாள், சோறு போடும்போது தட்டைப் பார்த்தாள்.

மோகனா பிடிவாதக்காரி. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து இமைக்காமல், மூச்சை இழுத்துப் பிடித்து, சிலையாக இருக்கப் பழகினாள். "நான் ஆடமாட்டேம்மா, கை கால கட்டிக்கறேன்" என்றாள். நாளுக்கு நாள் அவள் அதில் தேறத் தேற, துளசிமணி அவள் பக்கம் திரும்புவதையே குறைத்துக்கொண்டாள். நகரத் தெரியாத ஒரு பல்லி காணாமல்போவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

இதற்கிடையில் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. மூன்று விதமான நீலமாகச் சாயம் ஏறிய துணியில் தைத்துவிட்டார்கள், சரக்கு வாங்குகிற பையர் கேட்டது ஒரே நீலம். சபாபதி மேசையில் பனியன்கள் தெரியும்படி திறந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கி, அதற்கு எதிரில் துளசிமணியை உட்காரவைத்து, அவள் தாடையைத் தாங்கியில் வைத்து, பட்டையை நெற்றியில் கட்டினார். "ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. இப்பிடியே இருங்க. நீலமெல்லாம் ஒண்ணாச் சேந்துரும்."

"கண்ணு எரியுதுங்க சார்."

"எனக்கு மட்டும் என்ன குளுகுளுன்னா இருக்குது? நான் வீட்டுக்குப் போயி மூணு நாளாச்சு. பொழுதோட முடிஞ்சிரும்."

நீலங்கள் சேர்ந்தன. சபாபதி வந்து பார்த்தார், திருப்தியோடு ஒரு மூலையில் துணிக்கட்டுமேல் சாய்ந்து உறங்கிப்போனார். துளசிமணியும் உறங்கினாள், அந்த மேசையில் பழகிய விதத்திலேயே, கண்ணைத் திறந்தபடி. புரட்டிக்கொண்டிருக்கக் கைக்கு எதுவும் இல்லை. நீலம் வானமாயிற்று, வானம் பால் நிறமாயிற்று, கழுத்து லேபிளில் இருந்த எழுத்துகள் போயின, லேபிள்கள் போயின, பனியன்கள் போயின, பெட்டிகள் போயின. டீக்காரர் பித்தளைத் தூக்கோடு வந்து அவள் தோளைத் தொட்டபோது மேசை இருந்தது, அதுவும் ஒரு மூலையில் மரத்தின் வரிகள் இல்லாமல் இருந்தது.

முதலாளி வந்தார். கத்துவார் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அவர் வெறும் மேசையைக் கையால் தடவிப் பார்த்து, "இங்கயா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். "இங்கதானுங்க," என்றார் சபாபதி. முதலாளி சபாபதியின் வீங்கிய கண்களைப் பார்த்தார், துளசிமணியின் கண்களைப் பார்க்காமல் அவள் செருப்பைப் பார்த்தார், இரண்டு நாள் தாடியைச் சொறிந்துகொண்டார். "எல்லாரும் சித்தே போயித் தூங்குங்கய்யா" என்று சொல்லிவிட்டு, கப்பலுக்குச் சொல்ல ஒரு காரணம் தேடிக்கொண்டு படியிறங்கிப் போனார். மறுநாள் முதல் துளசிமணி வர வேண்டாம், உடம்பு சரியானதும் சொல்லியனுப்புகிறோம் என்று மரகதம் வந்து சொன்னாள். சொல்லும்போது இந்தமுறை அவள் கால் மாற்றிக்கொள்ளவில்லை, கிட்டே வந்து உட்கார்ந்து, துளசிமணியின் முந்தானையை எடுத்து அவள் கண்ணில் வழிந்த நீரைத் துடைத்துவிட்டுப் போனாள். அது எரிச்சலில் வந்த நீர்.

வீட்டில் அவள் பனியன் வேஸ்ட் துணியைப் பட்டையாகக் கிழித்துக் கண்ணைக் கட்டிக்கொண்டாள். துணி எங்கே இருக்கிறது, உப்பு எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். குழாயடிக்கு மட்டும் அவிழ்த்தாள்.

"இதென்ன வேசம்?" என்றாள் மோகனா.

"பெட்டி பெட்டியாப் போச்சு கண்ணு. தூங்கிட்டேன், தெரியவே இல்ல. நீ எதுக்கால இருக்கறப்ப அப்பிடித் தூங்கிட்டேன்னா?"

"திங்கக்கெழம கோயமுத்தூருக்கு வரச் சொல்லிட்டாங்க."

"வந்துருச்சா? நல்லது சாமி."

"என்ன நல்லது? ஃபோன்ல அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? படிப்பெல்லாம் ஓகேம்மா, நேர்ல வாங்க, முகத்தப் பாத்துட்டுச் சொல்றோம்னு சொல்லுச்சு." மோகனாவின் குரல் உயரவில்லை, அவளும் பேக்கிங்கில் நின்றுவிட்டு வந்தவள்தான். "முன்னெல்லாம் காலையில என்னப் பாத்ததும், நெத்தியில பொட்டு கோணல், காலர் மடங்கிருக்குதுன்னு ஒண்ண எடுத்து நேராக்குவே. திட்டினாலும் பாத்துத் திட்டினே. இப்ப அதுவுமில்ல. ஊருல எவன் கையிலயோ எவன் மூஞ்சியவோ நாள் பூராப் பாத்தே. நான் என்ன ரிஜெக்ட்டா, பாக்காமயே ஒரு பக்கம் வீசறதுக்கு?"

துளசிமணி கட்டிய கண்ணோடு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். குழம்பு கொதித்தது, அதை இறக்க அவளுக்குத் தோன்றவில்லை. மோகனாதான் வந்து இறக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மோகனா தரையில் பாயை விரித்துப் படுத்தவள், முந்தைய நாள் முழுக்கப் பெட்டி ஒட்டிய அசதியில், ஃபோனைக் கையில் பிடித்தபடியே உறங்கிப்போனாள். ஃபோன் கைநழுவிய சத்தம் துளசிமணிக்குக் கேட்டது. பக்கத்து வீட்டு டிவி, தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவரின் மைக், அவ்வளவுதான். ரொம்ப நேரமாக அவள் யோசித்து வைத்திருந்தது இதைத்தான். விழித்திருக்கிற பெண் பிடிவாதத்தில் கல்லாக இருப்பாள், முகம் போனாலும் மூச்சு விடமாட்டாள், அல்லது பாதியில் பயந்து துள்ளுவாள். தூங்குகிறவளுக்கு அதெல்லாம் இல்லை. தூக்கம் என்றால் கல், வேண்டிய அளவுக்குக் கல். அந்தப் புளியங்கொட்டை வெள்ளையை மட்டும் பார்த்து, பக்கத்துத் தோல் வந்து மூடியதும் கழுத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். தான் தூங்கிவிடாமல் இருக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருக்கலாம். நாளைக்குப் பெண் முழு முகத்தோடு கோயமுத்தூர் போவாள்.

கட்டை அவிழ்த்தாள். கண் கூசியது. தலை ஆடாமல் இருக்க ஒரு தாங்கி வேண்டுமே என்று சுற்றிலும் தடவி, காலிக் குடத்தைப் பாயின் அருகே சத்தமில்லாமல் நகர்த்தி, குப்புறப் படுத்து, குடத்தின் வாயில் தாடையை ஊன்றிக்கொண்டாள். ஃபேனை அணைத்தாள், திரும்ப வந்து ஊன்றிக்கொண்டாள். தொடையைக் கிள்ளினாள். மகளின் உதட்டோரத்தைப் பார்த்தாள்.

வெள்ளை இருந்தது. அவள் காத்திருந்தாள். போகப்போகிறது, தேநீர் நிறமாகும், பிறகு தோல் நிறமாகும் என்று காத்திருந்தாள். அது இருந்த உதடு ஒரு மூச்சுக்கு ஏறி ஒரு மூச்சுக்கு இறங்கியது, வெள்ளையும் ஏறி இறங்கியது. கண்ணை அதன்மேல் நிறுத்துவதற்குள் கன்னம் எதையோ மென்றது. கழுத்தோரத்தில் ஒரு நரம்பு விடாமல் துள்ளிக்கொண்டிருந்தது. புருவம் சுளித்தது, தளர்ந்தது. மூடிய இமைகளுக்குக் கீழே இரண்டு விழிகளும் ரோட்டில் போகிற எதையோ தொடர்ந்து போவதைப் போல, போய் நின்று, திரும்பி, மறுபடி விரைந்து, ஓய்வேயில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. மோகனா தூக்கத்தில் ஒரு வார்த்தை சொன்னாள், புரியவில்லை, ஆனால் யாரோடோ சண்டை பிடிப்பதுபோல் இருந்தது.

தூங்குகிறவர்கள் இப்படி ஆடுவார்கள் என்று துளசிமணிக்கு யாரும் சொன்னதில்லை. மகள் தூங்கும் நேரத்தில் அவள் மேசையில் நின்றிருந்தாள், வீட்டில் இருக்கும் நேரத்தில் அடித்துப் போட்டதுபோல் கிடந்தாள். தன் தூக்கத்தைத் தவிர வேறு தூக்கத்தை அவள் பார்த்ததே இல்லை.

கிள்ளுவதை நிறுத்தினாள். வெள்ளை போவதாக இல்லை என்று தெரிந்த பிறகு கண்ணுக்கு அங்கே வேலை இல்லை, அது பக்கத்தில் நகர்ந்தது. கீழுதடு மேலுதட்டைவிடச் சற்றே முன்னால் வந்திருந்தது. புருவத்துக்குப் பக்கத்தில் அம்மை வடு ஒன்று. அம்மை போட்டபோது தெரு முனையில் வேப்பிலை ஒடித்துக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடியது நினைவுக்கு வந்தது, வடு நினைவில் இல்லை. ஒரு காதுமடல் தட்டையாக இருந்தது. முகவாயில், யாருடைய சாயல் என்று சட்டென்று சொல்ல முடியாத ஒரு மேடு. இத்தனை வருஷமும் அவள் மகளை முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, கை என்று ஓட்டமாகப் பார்த்து, கோணலை நேராக்கி, அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறாள். அவள் பார்க்கப் பார்க்க எதுவும் வெளுக்கவில்லை. நெற்றியில் வியர்வை பூத்தது, ஃபேன் போட வேண்டும் என்று நினைத்தாள், எழுந்திருக்கவில்லை.

மோகனா கண்ணைத் திறந்தாள். முகத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் அம்மாவின் கண்கள் கட்டு இல்லாமல் இருப்பதைப் பார்த்தாள். கையைத் தூக்கி, ஐந்து விரலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு உதட்டைத் தொட்டாள், தொட்டால் தெரிகிற சமாசாரம் இல்லை அது.

"போச்சா?"

"இல்லெ."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்லெ. இருக்குது. எல்லாம் இருக்குது."

மோகனா ஓடாத ஃபேனைப் பார்த்தபடி கிடந்தாள். கண்ணோரத்திலிருந்து காதுப்பக்கமாக ஒரு சொட்டு இறங்கியது, வியர்வையோ என்னவோ, அவள் துடைக்கவில்லை.

"அப்ப நாளைக்கு இதோடதான் போகோணும்."

"போயிட்டு வா."

"மொகத்தப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

"சொன்னாத் திரும்பி வா. பஸ்ஸுக்கா பஞ்சம்?"

"ஆறுதல் சொல்ற லட்சணத்தப் பாரு," என்றாள் மோகனா. கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் ஓரமாகப் புரண்டு அம்மாவின் பக்கம் திரும்பிப் படுத்தாள். குடத்தின் விளிம்பு துளசிமணியின் தாடையில் வளையமாகப் பதிந்திருந்தது. அவள் இன்னும் அதிலிருந்து எழவில்லை.

"போகலேன்னு தெரிஞ்சிருச்சில்ல? அப்பறம் ஏம்மா இன்னும் பாத்துட்டே கெடக்கறே?"

"சித்தே இரு கண்ணு," என்றாள் துளசிமணி. "இன்னும் பாத்து முடியல."